நார்மல்-2

ஜனவரி 9

டேய் தம்பி,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். கிழிப்பதென்றால் குறுக்கே ஒரே ஒரு தடவை கிழி. பிறகு மனசு மாறினால் ஒட்டிப் படிக்கச் சௌகரியமாக இருக்கும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "இனிமே உன் குரல் எங்க வீட்டுல கேக்கக் கூடாது." சரி, இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. இது குரல் இல்லை, எழுத்து. வந்திருப்பதும் வீட்டுக்கு இல்லை, உன் சர்வீஸ் ஆபீஸுக்கு. ஆக, நான் எதையும் மீறவில்லை. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள், லேபில் வந்து சோதனைக்குழாய் கழுவுகிறேன்.

நான் சௌக்கியம். ஆறு கிலோ கூடியிருக்கிறேன். தலைமுடி இரண்டு நிறத்தில் இருக்கிறது, மூன்றாவதுக்கும் இடம் பார்க்கிறது. லேபில் அதே ஸ்டூல். புதிதாக வருகிறவர்கள் என்னை ஸ்டாக் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பார், விஷயத்துக்கு வராமல் வளவளக்கிறேன். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் வம்புதான் வரும், உனக்கே தெரியும். உன் மூத்த மகள் பெரியவள் போன அன்றுகூட நான் அந்த நர்ஸின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு செருப்பும் வேறு வேறு ஜோடி. அதைத் தவிர அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னும்கூட முழுசாக உறைத்ததாகச் சொல்ல முடியாது.

சொல்ல வந்தது இதுதான். நீ கட்டடங்களுக்கு நெருப்பு அலாரம் பார்க்கிறவன், சீக்கிரம் பிடித்துக்கொள்வாய். நம் செல்களுக்குள்ளேயும் டிடெக்டர்கள் உண்டு, வைரஸுக்கு. பல ரகம். அதில் ஒன்றுக்கு டி.எல்.ஆர்.-மூன்று என்று பெயர், பஸ் நம்பர் மாதிரி. குதிரை லாட வடிவம். செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கும். வெளியிலிருந்து விழுங்கியதெல்லாம் அந்தப் பைகளுக்குத்தான் வரும். இந்த லாடம் பையின் சுவரில் நின்றபடி தலையை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். வைரஸின் பேர், ஊர், முகம் ஒன்றும் அதற்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: இரட்டை இழை ஆர்.என்.ஏ. நம் செல் தன் வேலைக்கு எழுதிக்கொள்வது பெரும்பாலும் ஒற்றை இழை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போதுதான் ஏணி மாதிரி நீளமாக இரட்டை இழை சிந்தும். அந்த ஏணியை இரண்டு லாடங்கள் சேர்ந்து பிடித்தால் உள்ளே செய்தி போகும். செல் இண்டர்ஃபெரான் என்று ஒரு பொருளை வெளியே விடும். அக்கம்பக்கத்துச் செல்கள் உஷாராகிக் கதவைச் சாத்திக்கொள்ளும். இவ்வளவுதான் கதை.

லேபில் இதைச் சோதிக்க நிஜ வைரஸ் தேவையில்லை. பொய் ஏணி பவுடராகவே வருகிறது. அதைக் கரைத்துச் செல்களின் மேல் ஊற்றினால் லாடம் ஏமாந்துபோய் இண்டர்ஃபெரானை வரவழைக்கும். நோயாளிகளின் தோல் செல்லில் அதை ஊற்றிப் பார்க்கும்போது, பக்கத்தில் ஒப்பிட ஒரு ஆரோக்கியமான ஆளின் செல்லும் வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதற்காக லேபில் நாங்களே கையை நீட்டினோம். மேல்கையின் உள்பக்கம் மிளகளவு தோல். டாக்டரம்மா நார்மல்-1. நான் நார்மல்-2. ஸ்டோர்கீப்பர் நார்மல்-3. என்னை நார்மல் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே நிறுவனம் இதுதான். அந்த லேபிளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினேனே, 'யாரோ மாத்தி ஒட்டிட்டாங்க' என்று பதில் போட்டாய்.

நீ சொன்னது சரி, தம்பி.

போன மாதம் ஒரு குழந்தையின் செல் வந்தது. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த குழந்தை. ஸ்டோர்கீப்பரின் செல்லில் பூஞ்சை பிடித்திருந்ததால் ஒப்பிட என்னுடையதை எடுத்தோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு கோடும் ஒரே மாதிரி படுத்துக் கிடக்கே, எது நோயாளி?" நான் "அது நோயாளி, இது நான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். என் லாடத்தில் ஒரே ஒரு எழுத்து தப்பு.

உதட்டில் கொப்புளம் போட்டுவிட்டுப் போகும் சாதாரண வைரஸ்தான் பெரியவளின் மூளைக்குப் போனது. மூளைச் செல்லில் அதைத் தடுக்க இந்த லாடம்தான் முக்கியம். இது குடும்பத்தில் வரும். உன்னையும் சின்னவளையும் சோதிக்க வேண்டும்.

உன் அக்கா


ஜனவரி 16

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. ஆபீஸில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலிலும் பொய் நெருப்பு உண்டு. நீளக் கம்பின் நுனியில் புகை டப்பாவை மாட்டி, கூரையில் இருக்கும் டிடெக்டரின் மூக்கில் அடிப்போம். கீழே பேனலில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வேலைக்குப் புதிதானவன் டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, "டப்பா காலி சார்" என்பான். அப்படிச் சொல்கிறவனைக் கம்பை வாங்கிக்கொண்டு உட்கார வைத்துவிடுவேன். டப்பா மேல் பழி போடாதே, டிடெக்டரைக் கழற்று. முதல் நாள் பாடம் அது.

உன் கடிதத்தில் ஒரு இடம் இடிக்கிறது. தோலைக் கொடுத்து ஏழு வருஷம். கண்டுபிடித்தது போன மாதம். நடுவில் நார்மல்-2 மேல் யாருமே அந்தப் பவுடரை ஊற்றிப் பார்க்கவில்லையா? முதல் தடவை ஊற்றியது எந்த வருஷம்? அதை மட்டும் எழுது. வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

தம்பி


ஜனவரி 21

தம்பி,

ஆறு வருஷத்துக்கு முன்னால். மூன்று தடவை. ஊற்றியது நான்தான்.

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. பவுடர் கெட்டுப்போய்விட்டது என்று கம்பெனிக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டுப் புது பாட்டில் அனுப்பினார்கள். பாவம், அவர்கள் பவுடரில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. செல் வளர்க்கிற பெட்டியில் சூடு சரியில்லை என்று எழுதினேன். மூன்றாம் தடவை டாக்டரம்மாவின் செல்லையும் பக்கத்திலேயே வைத்து ஊற்றினேன். அவருடையது மலை மாதிரி ஏறியது, என்னுடையது தரையோடு கிடந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: 'நார்மல்-2 செல் தரம் சரியில்லை. இனி நார்மல்-3 எடுக்கவும்.' கீழே என் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு. பிறகு என் செல் இருந்த டப்பியை, செல்களை உறைய வைக்கிற நைட்ரஜன் தொட்டியின் அடியில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எனக்குத் தோன்றவே இல்லையடா. செல்லில் கோளாறு என்று எழுதினேன், ஆளில் கோளாறு என்று தோன்றவில்லை. நார்மல் என்று லேபிள் ஒட்டியாயிற்று, ஒட்டியதும் என் கைதான். நீ சொன்ன டப்பாவை நான் மூன்று தடவை குலுக்கியிருக்கிறேன்.

அப்போது பெரியவளுக்கு ஐந்து வயது. அன்றைக்கே ஒருத்தரிடம் காட்டியிருந்தால் உங்கள் எல்லாரையும் சோதித்திருப்பார்கள். காய்ச்சல் வந்த முதல் நாளே மருந்து ஏறியிருக்கும். நீங்கள் அவளைக் கொண்டுபோனது ஐந்தாம் நாள். உன்னைக் குறை சொல்லவில்லை. ஐந்து நாள் உன் கணக்கு, நான்கு வருஷம் என் கணக்கு.

பிறகு உனக்கும் எனக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பாய். இந்தத் தப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பின் மற்ற இடங்களில் வேறு டிடெக்டர்கள் பார்த்துக்கொள்ளும். மூளைக்குள் வைரஸ் நுழைந்தால்தான் வம்பு, அதுவும் சின்ன வயதில் முதல் தடவையாக வரும்போது. யாருக்கு நுழையும், யாருக்கு நுழையாது என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவைக் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.

இத்துடன் மூன்று குழாய் வைத்திருக்கிறேன். எச்சில் துப்பி, மூடியை இறுக்கி அனுப்பினால் போதும். சின்னவளுக்கு ஆறு வயது. துப்பச் சொன்னால் சந்தோஷமாகத் துப்புவாள் என்று நினைக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

குழாய் மூன்றும் என் டூல்பாக்ஸில் கிடக்கின்றன. என் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. உன் பெயரை வீட்டில் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

நான்கு வருஷத்தைப் பற்றி உன்னைத் திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தால் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறாய். அதில் இரண்டாம் நாளை உனக்குச் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. காலையில் பெரியவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் சார்" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் "பரவாயில்லைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு ஹோட்டலில் நாற்பத்திரண்டு டிடெக்டர் பார்த்தேன். நாற்பத்திரண்டும் வேலை செய்தது.

சோதித்து, சின்னவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வேன்? லாடத்தை மாற்ற முடியுமா? முடியாது. அவள் தும்மும்போதெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அம்மா ஏற்கெனவே தூங்குவதில்லை. இருப்பது ஒன்று, அதையாவது சும்மா விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

குழாயைத் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


பிப்ரவரி 8

தம்பி,

திருப்பி அனுப்பாதே. கோபப்பட்டாவது எழுதலாம் என்று பார்த்தால் எனக்கும் அந்தக் கன்னம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊரில் இருக்கிற முன்பின் தெரியாத கட்டடங்களின் கூரையை எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை கம்பு வைத்துக் குத்திப் பார்க்கிறாய். எந்த ஹோட்டல் மேனேஜராவது உன்னிடம், "வேண்டாங்க, வேலை செய்யலைன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது" என்று சொன்னால் என்ன பதில் சொல்வாய்? அதை எனக்கு எழுத வேண்டாம். நீயே கேட்டுக்கொள்.

லாடத்தை மாற்ற முடியாது. ஆனால் தெரிந்திருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. வைரஸைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, நரம்பில் ஏற்றுவது. முதல் நாள் ஏறினால் ஒரு கதை, ஐந்தாம் நாள் ஏறினால் வேறு கதை. டாக்டரம்மா ஒரு தாள் எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். முடிவு வந்ததும் முத்திரை போட்டுத் தருவார். எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாலும் முதலில் மருந்து, பிறகு பரிசோதனை.

இன்னொன்று. உன் வீட்டுக்காரி அன்றைக்கு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "உங்க வாயில புண்ணு இருந்துச்சு அண்ணி, அதோட முத்தம் கொடுத்தீங்க." நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். இருந்தது. கீழுதட்டில் இடது பக்கம். பெரியவளின் பிறந்தநாளுக்கு வந்தேன், சாயம் பூசி மறைத்துக்கொண்டு வந்தேன், போட்டோவில் அசிங்கமாக விழும் என்று. அந்த வைரஸ் பாதி உலகத்தின் வாயில் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்திருக்கலாம். வந்திருக்கலாம்தான். ஆனால் புண் இருந்தது. அவள் பார்த்தது சரி.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

உன் எட்டாம் தேதிக் கடிதத்தை என் பையில் வைத்திருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தால் கவரின் வாய் டேப் போட்டு ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஓரம் நேராக வெட்டியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி டேப் ஒட்டுகிற ஆள் ஒருத்திதான்.

இரண்டாம் நாளைப் பற்றி நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. அவள் படித்தது உன்னுடையதை மட்டும்தான். அதனால் நானாகவே சொன்னேன், அந்த 'தேங்க்ஸ் சார்' கதையை. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுசாகத் துடைத்து முடித்துவிட்டு, "எனக்கு மூணாம் நாளே தெரியும். போர்வைய மடின்னு சொன்னேன், பெரியவ அதுக்குத் தலை வாரிவிட்டா. நானும் உங்ககிட்ட சொல்லல" என்றாள். அவ்வளவுதான்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் மூன்று குழாயும் வரிசையாக நின்றன. டூல்பாக்ஸிலிருந்து எடுத்திருக்கிறாள். நான் துப்பினேன். அவள் துப்பினாள். சின்னவள் கோட்டைத் தாண்டித் துப்பிவிட்டு, "இன்னொரு குழாய் இருக்கா?" என்று கேட்டாள். "அத்தைகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு அவள் அம்மா எழுந்து போய்விட்டாள். எந்த அத்தை என்று சின்னவள் என்னைப் பார்த்தாள். உன்னை அவளுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம்.

பார்சல் இத்துடன்.

தம்பி


மார்ச் 11

தம்பி,

சுற்றி வளைக்க எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம்.

உன் வீட்டுக்காரிக்கு இல்லை. உனக்கு இருக்கிறது. சின்னவளுக்கும் இருக்கிறது.

டாக்டரம்மாவின் தாள் இரண்டு பிரதி இதனுடன் இருக்கிறது. ஒன்று வீட்டில், ஒன்று பள்ளிக்கூடத்தில். காய்ச்சலோடு அசாதாரணமான தூக்கம், பேச்சு மாறுவது, நடத்தை மாறுவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்பது கிடையாது. சந்தேகம் போதும், நிரூபணம் வேண்டாம். ஒருவேளை பத்து தடவை சும்மா ஓடிவிட்டுத் திரும்புவீர்கள். ஓடுங்கள். எதுவுமே வராமலும் போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, ஒன்றும் வரவில்லை.

முடிவை நான்தான் பிரித்தேன். நம்பர் மட்டும்தான் இருந்தது. எது யாருடையது என்று பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு மீதி வேலையை முடித்தேன். செல் வளரும் பதினான்கு தட்டுக்கு ஊட்டநீர் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றுகூடச் சிந்தவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே. பயப்பட வேண்டியதைத் தாண்டித்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சின்னவளுக்குக் காய்ச்சல். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். அவளைப் பற்றி உனக்குத் தெரியாது, எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. செருப்பைக் கழற்று என்றால் எதற்கு என்று கேட்கிற ஆள். அன்றைக்கு மருந்து குடி என்றேன். "சரிப்பா." படு என்றேன். "சரிப்பா." டி.வி. வேண்டாம் என்றேன். அதற்கும் "சரிப்பா" என்றாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தாளைக் கையில் எடுத்திருந்தாள்.

பணியிலிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். "ஃப்ளூ மாதிரிதான் இருக்கு, ரெண்டு நாள் பார்க்கலாம். ஒழுங்கா பதில் சொல்றாளே, சமர்த்தா இருக்காளே" என்றார். "அதுதான் சார் வியாதி" என்றேன் நான். அவருக்குப் புரியவில்லை. அவள் அம்மா தாளை அவர் மேஜையில் விரித்து, பேனா ஸ்டாண்டைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். "மருந்த முதல்ல போடுங்க. பேச்ச அப்புறம் வச்சுக்கலாம்." அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். உனக்கு நானே சொல்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூன்றாவது மணி நேரத்தில் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் முதுகுத்தண்டு நீரில் வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தது. அதே வைரஸ். அந்த டாக்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

இன்று நான்காம் நாள். இருபத்தோரு நாள் ஏற்ற வேண்டும். வலிப்பு வரவில்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது. இடது கை கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, சரியாகிவிடும் என்கிறார்கள். இன்று காலை நர்ஸ் பால் கொடுத்தபோது, "இதுல ஆடை இருக்கு, நீங்களே குடிங்க" என்றாள். நானும் அவள் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் ஜன்னலைப் பார்த்தோம். சந்தோஷம் வந்ததா என்று தேடினேன். இன்னும் வரவில்லை. வழியில் இருக்கிறது போல.

போன் பண்ணலாமே என்பாய். இரண்டு தடவை எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன், பேச வாய் வரவில்லை. கூரியரில் போடுகிறேன், நாளைக் காலை உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் இதுதான். வார்டில் நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம், முறை போட்டு மூன்று பேர் பெயர் கொடுக்கலாம். அவள் அம்மா நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இன்று ஃபாரத்தை வாங்கி அவளே நிரப்பினாள். முதல் வரியில் தன் பெயர், இரண்டாவதில் என் பெயர். மூன்றாவதில் உன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் அத்தை என்று எழுதினாள். கவுண்டரில் இருந்த அம்மா உன் போன் நம்பரைக் கேட்டார்கள். நான் என் போனில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே சொல்லி முடித்துவிட்டாள், பத்து எண்ணையும், எதையும் பார்க்காமல்.

பகல் முறை உனக்கு. பத்திலிருந்து நாலு வரை. உன்னால் ஆறு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது என்று அவளிடம் எச்சரித்தேன்.

"தெரியும்," என்றாள். "பேசட்டும்."

தம்பி